‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ நாவலை முதன்முதலாகப் படிக்கப் போகிறவர்களுக்கு

நதானியல் ஹாதோர்ன் எழுதிய ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ 1850 மார்ச்சில் பாஸ்டனில் வெளிவந்தது. முதலில் அச்சிட்ட 2,500 பிரதிகள் பத்து நாளுக்குள் தீர்ந்துபோயின. இன்று நம்மிடையே அதைக் கையில் எடுக்கிறவர்கள் பெரும்பாலும் ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவர்கள். அவர்களில் பலர் தொடக்கப் பக்கங்களிலேயே சோர்ந்து மூடிவிடுகிறார்கள். பிறகு கைடில் இருக்கும் ‘ரோஜா என்றால் இரக்கம், காடு என்றால் சுதந்திரம், சிவப்பு என்றால் பாவம்’ என்ற பட்டியலை மனப்பாடம் செய்து தேர்வை முடித்துக்கொள்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த நாவல் இது. அந்தப் பட்டியல் இதற்குச் செய்கிற அநியாயம்தான் என்னை எழுத வைக்கிறது. ஒரு குறியீட்டுக்கு ஒரே பொருள் என்று முடிவுகட்டிவிட்டால் இந்தக் கதையில் உயிரே இருக்காது. தலைப்பில் வரும் அந்தச் சிவப்பு எழுத்தை ஆளாளுக்கு ஒருவிதமாகப் பார்க்கிறார்கள். அத்தனை பார்வைகளுக்கும் நடுவே ஒரு பெண் தான் யார் என்பதைத் தானே தீர்மானிக்கப் போராடுகிறாள்.

கதைச் சுருக்கம் இது. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி, பாஸ்டன். கணவன் பின்னால் வருவதாகச் சொல்ல, தனியே முன்னதாக வந்து குடியேறியவள் ஹெஸ்டர் பிரின். இரண்டு ஆண்டுகளாக அவனைப் பற்றித் தகவலே இல்லை. இந்நிலையில் அவள் ஒரு பெண்குழந்தையைப் பெறுகிறாள். தகப்பன் பெயரைச் சொல்ல மறுக்கிறாள். சந்தைத் திடலில் தண்டனை மேடைமேல் மூன்று மணி நேரம் நிற்க வேண்டும், ஆயுள் முழுக்க மார்பில் ‘ஏ’ என்ற சிவப்பு நிற ஆங்கில எழுத்தை அணிய வேண்டும் என்று தீர்ப்பாகிறது. குழந்தையின் தகப்பன், ஊரே போற்றும் இளம் போதகர் ஆர்தர் டிம்ஸ்டேல். அவள் மேடையில் நிற்கிற அன்றே அங்கு வந்து சேரும் கணவன், ரோஜர் சில்லிங்வொர்த் என்று பெயரை மாற்றிக்கொண்டு, வைத்தியராக டிம்ஸ்டேலுடன் ஒட்டிக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் அவர் மனத்தைக் குடைகிறான். ரகசியத்தை உடைத்துவிட்டேனே என்று வருந்த வேண்டாம். கவனமாகப் படிப்பவர் சில அத்தியாயங்களிலேயே ஊகித்துவிடுவார். ஹாதோர்னும் அதை மறைக்க அவ்வளவாக மெனக்கெடவில்லை.

படி 1: முன்னுரையை இப்போதைக்குத் தாண்டுங்கள்

புத்தகத்தைத் திறந்ததும் ‘தி கஸ்டம் ஹவுஸ்’ என்று ஒரு நீண்ட முன்னுரை நிற்கும். பலர் மூச்சு வாங்குவது இங்கேதான். ஹாதோர்ன் 1846 முதல் 1849 வரை அமெரிக்காவின் சேலம் ஊரின் சுங்க அலுவலகத்தில் வேலை பார்த்தார். ஆட்சி மாறியதும் வேலை போயிற்று. அந்த அலுவலகத்து முதிய ஊழியர்களைப் பற்றி விரிவாக எழுதுகிறார். நல்ல எழுத்துதான், ஆனால் கதைக்குள் நுழையாதவருக்கு அதன் அருமை தெரியாது. நேராக முதல் அத்தியாயத்துக்குப் போங்கள். ஆசிரியர் வைத்த வரிசையை மாற்றலாமா என்று சிலர் கேட்பார்கள். முதல் வாசிப்பில் மாற்றலாம் என்பதே என் கருத்து.

காப்புரிமை முடிந்த நூல் என்பதால் பிராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் ஆங்கில மூலம் இலவசமாகக் கிடைக்கிறது. லிப்ரிவாக்ஸில் தன்னார்வலர்கள் வாசித்த ஒலிநூலும் உண்டு. நீண்ட வாக்கியங்கள் தடுமாற வைத்தால் ஒலியைக் கேட்டுக்கொண்டே படியுங்கள். பழைய நடை காதுக்குச் சீக்கிரம் பழகிவிடும்.

படி 2: பியூரிட்டன்களைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்

இங்கிலாந்துத் திருச்சபையில் கத்தோலிக்கச் சடங்குகளின் மிச்சம் இருக்கிறது, அதைத் தூய்மையாக்க வேண்டும் என்று வாதாடியவர்கள் பியூரிட்டன்கள். 1630இல் ஜான் வின்த்ராப் தலைமையில் பெருங்கூட்டமாகக் கடல் கடந்து மாசசூசெட்ஸ் விரிகுடாவில் குடியேறினார்கள். யார் இரட்சிக்கப்படுவார்கள் என்பதைத் தேவன் முன்பே தீர்மானித்துவிட்டார் என்பது அவர்கள் நம்பிக்கை. தான் தேவன் தேர்ந்தெடுத்தவர்களில் ஒருவன்தானா என்று ஒவ்வொருவரும் தன் நெஞ்சை ஓயாமல் துழாவிக்கொண்டிருந்தார்கள். ஊர் முழுவதும் சேர்ந்து தேவனோடு உடன்படிக்கை செய்திருப்பதாகவும் நம்பினார்கள். ஆகவே ஒருவர் செய்த பாவம் அவர் சொந்த விவகாரமாக நின்றுவிடாது. தண்டிக்காமல் விட்டால் ஊரின் மேலேயே கோபாக்கினை இறங்கும். ஹெஸ்டரை ஏன் வீட்டுக்குள் வைத்துக் கண்டிக்காமல் சந்தைத் திடலில் நிறுத்தினார்கள் என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

அந்தக் காலனியில் திருச்சபை உறுப்பினராக உள்ள ஆண்களுக்கு மட்டுமே ஓட்டுரிமை. விபசாரத்துக்கு மரண தண்டனை என்று சட்டம் இருந்தது. 1644இல் மேரி லேதம், ஜேம்ஸ் பிரிட்டன் என்ற இருவரை அதன்படி தூக்கிலிட்டார்கள். அந்தக் காலத்து அளவுகோலில் ஹெஸ்டருக்குக் கிடைத்தது சலுகை. மூன்றாம் அத்தியாயத்தில் ஒருவர் அதைச் சலுகை என்றே சொல்கிறார். உடையில் எழுத்துத் தைப்பதும் கற்பனை அல்ல. அண்டையிலிருந்த பிளிமத் காலனி 1658இல் அப்படி ஒரு சட்டமே போட்டது.

ஹாதோர்னுக்கு இது குடும்பக் கதையும்கூட. அவருடைய முன்னோர் வில்லியம் ஹாதோர்ன் குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினரைத் துன்புறுத்தியவர். வில்லியமின் மகன் ஜான், 1692இல் சேலம் சூனிய வழக்குகளை விசாரித்த நீதிபதிகளில் ஒருவர். அந்த வழக்குகளில் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். முன்னோர் செய்ததற்கான வெட்கத்தைத் தான் ஏற்றுக்கொள்வதாக ஹாதோர்ன் முன்னுரையில் எழுதியிருக்கிறார்.

ஆன் ஹட்சின்சன் என்ற பெயரையும் நினைவில் வையுங்கள். போதகர்களைக் கேள்வி கேட்டு, வீட்டிலேயே கூட்டம் நடத்தி, 1637இல் விசாரிக்கப்பட்டுக் காலனியிலிருந்து துரத்தப்பட்ட பெண். நாவலில் அவர் பெயர் முக்கியமான இடங்களில் வந்து நிற்கும்.

படி 3: முதல் அத்தியாயத்தை இரண்டு முறை படியுங்கள்

ஓரிரு பக்கம்தான். நிகழ்ச்சி என்று எதுவும் கிடையாது. ஒரு கூட்டம் சிறைக் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. கருவாலிப் பலகை, இரும்பு முட்கள். புதுவுலகம் படைக்க வந்தவர்களும் வந்தவுடன் முதல் வேலையாகச் இடுகாட்டுக்கு ஓர் இடமும் சிறைக்கு ஓர் இடமும் ஒதுக்கவேண்டியிருந்தது என்கிறார் ஆசிரியர். கதவருகே ஒரு காட்டு ரோஜாச் செடி பூத்திருக்கிறது. அது எப்படி வந்தது? பழைய காட்டின் மிச்சமாக இருக்கலாம். அல்லது ஆன் ஹட்சின்சன் சிறைக்குள் போனபோது அவர் காலடி பட்ட இடத்தில் முளைத்ததாக இருக்கலாம். எது உண்மை என்று தான் முடிவு சொல்லப்போவதில்லை என்று சொல்லிவிட்டு, ஒரு பூவைப் பறித்து வாசகரிடம் நீட்டுகிறார்.

இந்த ‘இருக்கலாம்’ என்பதைப் பென்சிலால் கோடிட்டு வையுங்கள். இரண்டு விளக்கம் கொடுத்துத் தேர்வை நம்மிடம் விடுவது ஹாதோர்ன் நாவல் முழுவதும் கையாளுகிற முறை. ரோஜா என்றால் இரக்கம் என்று எழுதிக்கொண்டு நகர்ந்தால் பாதிதான் கிடைக்கும். துரத்தப்பட்ட ஒரு பெண்ணின் தடத்தில் அது முளைத்திருக்கக்கூடும் என்பது மீதிப் பாதி.

படி 4: எழுத்தைப் பின்தொடர ஒரு நோட்டு

இந்த வழிகாட்டியில் நீங்கள் ஒன்றே ஒன்றைச் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். ஒரு பக்கத்தை நெடுவாக்கில் மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதலில் அத்தியாய எண், அடுத்து எழுத்தைப் பார்ப்பவர் யார், மூன்றாவதாக அவர் கண்ணுக்கு அது என்னவாகத் தெரிகிறது. நடுப்பத்திதான் உயிர். பார்ப்பவரைக் குறிக்காமல் பொருளை மட்டும் எழுதினால் மறுபடி கைடுப் பட்டியலுக்கே வந்து சேர்வீர்கள்.

விபசாரம் என்பதற்கான, ‘ஏ’யில் தொடங்கும் ‘அடல்ட்டரி’ என்ற ஆங்கிலச் சொல் நாவலில் ஓரிடத்தில்கூட வராது. எழுத்து மட்டும் இருக்கிறது. அதை நிரப்புவது பார்ப்பவர் வேலை.

இரண்டாம் அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள். சிவப்புத் துணி, சுற்றிலும் தங்க நூலில் சித்திர வேலை. தண்டனைச் சின்னத்தை ஹெஸ்டர் தன் கைத்திறனைக் காட்டும் இடமாக ஆக்கியிருக்கிறாள். கூட்டத்திலுள்ள பெண்களுக்கு அது திமிராகத் தெரிகிறது. ஒருத்தி நெற்றியில் சூடு போட்டிருக்க வேண்டும் என்கிறாள், இன்னொருத்தி கொன்றே போட்டிருக்க வேண்டும் என்கிறாள். ஒரு குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் ஓர் இளம் மனைவி மட்டும், அவள் எழுத்தை மறைத்தாலும் அதன் வேதனை நெஞ்சில் இருக்கத்தானே செய்யும் என்று இரங்குகிறாள். இந்தப் பெண்ணுக்குப் பெயர்கூட இல்லை. ஆனாலும் நோட்டில் குறித்துவையுங்கள். 22ஆம் அத்தியாயத்தில் அதே பெண்கள் கூட்டம் மறுபடி வரும். இவள் மட்டும் இருக்கமாட்டாள். இவளுடைய சவ உடையை ஹெஸ்டரே தைத்துக் கொடுத்திருப்பாள். ஒரே வரியில் கடந்துபோகிற செய்தி. முதன்முறை படித்தபோது நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

ஐந்தாம் அத்தியாயத்தில் ஹெஸ்டரின் தையல். ஆளுநரின் கழுத்துப்பட்டிக்கும், பச்சைக் குழந்தையின் குல்லாவுக்கும், பிணத்துக்கு உடுத்தும் துணிக்கும் அவள் ஊசிதான் வேண்டும். மணப்பெண்ணின் முகத்திரைக்கு மட்டும் அவளைக் கூப்பிடமாட்டார்கள். ஏழாம் அத்தியாயத்தில் ஆளுநர் பெல்லிங்ஹாம் வீட்டுக் கூடத்தில் பளபளக்கும் மார்புக் கவசம். அதன் குவிந்த பரப்பில் எழுத்து மட்டும் பிரம்மாண்டமாகத் தெரிய, ஹெஸ்டர் அதன் பின்னால் மறைந்துபோகிறாள். அதிகாரத்தின் கண்ணுக்கு அவள் எப்படித் தெரிகிறாள் என்பதை ஒரு விளக்க வரியும் இல்லாமல் காட்டிவிடுகிறார் ஹாதோர்ன்.

12ஆம் அத்தியாயத்தில் எழுத்து வானத்துக்கே போய்விடும். நள்ளிரவில் ஓர் எரிகல் ஒளிர, டிம்ஸ்டேல் அதில் ‘ஏ’ வடிவத்தைக் காண்கிறார். குற்றம் குறுகுறுக்கும் மனம் வானத்தையும் தன் கதையாகவே படிக்கும் என்கிறார் ஆசிரியர். மறுநாள் கோயில் பணியாளர், இரவு தெரிந்த எழுத்துக்கு ‘ஏஞ்சல்’ என்று பொருள், இறந்துபோன வின்த்ராப் தேவதூதனாகிவிட்டார் என்கிறார். அடுத்த அத்தியாயத்தில், நோயாளிகளையும் ஏழைகளையும் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்ட ஹெஸ்டரின் மார்பு எழுத்தை ஊரார் ‘ஏபிள்’, அதாவது வல்லமையுள்ளவள் என்று படிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். 15இல் மகள் பேர்ல் கடற்புல்லை வைத்துத் தன் மார்பில் பச்சை நிற ‘ஏ’ செய்துகொள்கிறாள். குழந்தைக்கு அது அம்மா அணிகிற ஒன்று, அவ்வளவுதான்.

படி 5: மூன்று மேடைக் காட்சிகளை அடுத்தடுத்துப் படியுங்கள்

முழுதும் படித்து முடித்தபின் 2, 3, 12, 23 ஆகிய அத்தியாயங்களை ஒரே மூச்சில் மறுபடி படியுங்கள். அதே தண்டனை மேடை, அதே நால்வர். நிற்கும் இடம் மட்டும் மாறுகிறது. முதல் முறை பகலில், ஹெஸ்டரும் குழந்தையும் மேடையில், டிம்ஸ்டேல் மேலே பிரமுகர்களோடு உப்பரிகையில், சில்லிங்வொர்த் கூட்டத்தில். இரண்டாம் முறை நள்ளிரவு. டிம்ஸ்டேல் யாரும் பார்க்காத நேரத்தில் மேடை ஏறுகிறார். வின்த்ராப்பின் மரணப் படுக்கையிலிருந்து திரும்பும் ஹெஸ்டரும் பேர்லும் அவர் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். நாளை நண்பகலில் எங்களோடு நிற்பீர்களா என்று பேர்ல் கேட்கிறாள். முடியாது என்கிறார். மூன்றாம் முறை பட்டப்பகல், தேர்தல் நாள் பிரசங்கத்தை முடித்த கையோடு, ஊர் பார்க்க மேடை ஏறி மார்பைத் திறந்து காட்டுகிறார். சில்லிங்வொர்த் தடுக்கப் பார்க்கிறான். இந்த மேடையைத் தவிர வேறெங்கு போயிருந்தாலும் நீ என்னிடமிருந்து தப்பியிருக்க முடியாது என்கிறான்.

அவர் மார்பில் என்ன இருந்தது? கடைசி அத்தியாயத்தில் சாட்சிகள் ஒத்துப்போவதில்லை. தன்னைத்தானே வதைத்துக்கொண்டு உண்டாக்கினார் என்கிறார் ஒருவர். சில்லிங்வொர்த்தின் மருந்து என்கிறார் இன்னொருவர். மன உறுத்தல் உள்ளிருந்து அரித்தது என்பது வேறொருவர் கருத்து. ஒன்றுமே இல்லை என்று சாதிப்பவர்களும் உண்டு. முதல் அத்தியாயத்தில் கோடிட்ட ‘இருக்கலாம்’ இங்கே எவ்வளவு தூரம் வளர்ந்துவிட்டது என்று பாருங்கள்.

படி 6: காட்டைப் பற்றி எச்சரிக்கை

ஊர் என்றால் சட்டம், காடு என்றால் விடுதலை என்று பிரித்துவிடுவது சுலபம். 18ஆம் அத்தியாயம் அதற்கு இடம் கொடுப்பதுபோலவே இருக்கும். ஹெஸ்டர் எழுத்தைக் கழற்றி எறிகிறாள். குல்லாவை எடுக்க, அடர்ந்த கூந்தல் சரிகிறது. அதுவரை அவளை அண்டாத வெயில் காட்டுக்குள் கொட்டுகிறது. ஆனால் எறிந்த எழுத்து ஓடையில் விழவில்லை. ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் தண்ணீர் கொண்டுபோயிருக்கும், கரையிலேயே கிடக்கிறது. அடுத்த அத்தியாயத்தில் பேர்ல் ஓடையைத் தாண்டி வர மறுக்கிறாள். எழுத்தில்லாத பெண் அவளுக்கு அம்மாவாகத் தெரியவில்லை. ஹெஸ்டர் தானே போய் எடுத்து மறுபடி குத்திக்கொண்ட பிறகுதான் வருகிறாள், அம்மாவையும் முத்தமிடுகிறாள், அந்த எழுத்தையும் முத்தமிடுகிறாள். டிம்ஸ்டேல் கொடுத்த முத்தத்தை மட்டும் ஓடையில் கழுவிவிடுகிறாள்.

பேர்லைப் பலர் வெறும் குறியீடாக ஆக்கிவிடுகிறார்கள். ஆசிரியரே அவளை உயிர் பெற்ற சிவப்பு எழுத்து என்கிறார், சரிதான். மத்தேயு 13ஆம் அதிகாரத்தில் ஒருவன் தனக்குண்டான எல்லாவற்றையும் விற்று வாங்கும் விலையுயர்ந்த முத்து வருமே, அதை நினைத்துத்தான் தாய் அந்தப் பெயர் வைத்தாள். ஆனால் அவள் அப்பா யார் என்று தெரியாமல் வளர்கிற ஏழு வயதுப் பெண்ணும்தான். எட்டாம் அத்தியாயத்தில் அவளைப் பிரிக்கப் பெரியவர்கள் முனையும்போது ஹெஸ்டர் வெடித்துப் பேசுகிற இடத்தைக் குறியீடு, கருத்து எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டுப் படியுங்கள்.

படி 7: தனித்தன்மை எங்கே தெரிகிறது

ஹெஸ்டர் கதைக்குள் வரும் முதல் நொடியிலேயே தெரிகிறது. ஊர்ச் சேவகர் தோளில் கைவைத்து வெளியே தள்ளிக்கொண்டு வர, வாசலில் அவள் அந்தக் கையை விலக்கிவிட்டுத் தன் இஷ்டத்துக்கு நடந்து வருவதுபோல வெளியே அடி வைக்கிறாள்.

அவள் பாஸ்டனை விட்டுப் போயிருக்கலாம்; தீர்ப்பு அவளைக் கட்டிப்போடவில்லை. ஆனாலும் ஊர் ஓரத்தில் கடல் பார்த்த குடிசையில் தங்குகிறாள். தப்பி ஓடினால்தான் தனித்தன்மை என்று நினைக்கிற வாசகருக்கு இது புரியாது. 13ஆம் அத்தியாயத்தை நிதானமாகப் படியுங்கள்; நாவலின் நடுநாடி அதுதான். வெளியே பார்த்தால் அவள் ஊர் சொன்னபடி நடக்கிற, தலையைக் குனிந்து சேவை செய்கிற பெண். உள்ளே அவள் சிந்தனை கட்டறுத்துக்கொண்டு ஓடுகிறது. பெண்ணின் நிலை மாறவேண்டுமென்றால் சமூகத்தையே பிரித்துக் கட்டவேண்டும் என்ற இடம்வரை போகிறாள். பேர்ல் மட்டும் பிறந்திருக்காவிட்டால் ஆன் ஹட்சின்சனோடு கைகோத்து ஒரு சமயப் பிரிவையே தொடங்கியிருப்பாள் என்கிறார் ஆசிரியர். தண்டனை எழுத்து தன் வேலையைச் செய்யவில்லை என்று அதே அத்தியாயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்.

பக்கத்திலேயே டிம்ஸ்டேலை வைத்துப் பாருங்கள். பிரசங்க பீடத்தில் நின்று, நான் பாவிகளிலெல்லாம் பெரும் பாவி என்று சொல்கிறார். சபையார் அவரை இன்னும் பெரிய பரிசுத்தவானாக நினைக்கிறார்கள். அப்படித்தான் நினைப்பார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். ஊர் கொடுத்த முகத்தைக் கழற்ற முடியாமல், தன் முகம் எதுவென்றே தெரியாமல் போகிறார். ஊர் ஒதுக்கியவளுக்குத் தன்னைத் தெரிகிறது. ஊர் தூக்கிவைத்தவருக்குத் தெரியவில்லை. சில்லிங்வொர்த்தோ பழியைத் தவிர வேறெதுவுமாக இல்லாமல் போனவன்; டிம்ஸ்டேல் இறந்தபின் ஓராண்டுகூடத் தாங்கவில்லை.

முடிவைப் பற்றி வாசகர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். பேர்லோடு கடல் கடந்துபோன ஹெஸ்டர் பல ஆண்டுகள் கழித்துத் தனியே திரும்பி வந்து, எந்த நீதிபதியும் கேட்காமலே அந்த எழுத்தை மறுபடி அணிகிறாள். கடைசியில் சமூகம் ஜெயித்துவிட்டது என்று ஒரு வாதம். நான் அப்படிப் படிக்கவில்லை. தானாக எடுத்து அணிந்ததை யாரும் தண்டனை என்று சொல்ல முடியாது. மனம் உடைந்த பெண்கள் அந்தக் குடிசையைத் தேடி யோசனை கேட்க வருகிறார்கள். ஆனால் ஹாதோர்ன் அவளை வெற்றிவீராங்கனையாகவும் நிறுத்தவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள உறவைப் பற்றிய புதிய உண்மை ஒருநாள் வெளிப்படும், அதைக் கொண்டுவருகிறவள் ஒரு பெண்தான், ஆனால் பாவக்கறை படிந்த தானல்ல என்று அவள் நம்புவதாக எழுதுகிறார். இந்த இடத்தில் ஆசிரியர் தயங்குகிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது என்று வரி எண்ணோடு நோட்டில் எழுதிவையுங்கள்.

படி 8: கட்டுரை எழுதப் போகிறவர்களுக்கு

‘சிவப்பு எழுத்து பாவத்தின் குறியீடு’ என்று தொடங்கினால் அடுத்த வாக்கியத்துக்கு வழியிருக்காது. ‘இரண்டாம் அத்தியாயத்துப் பெண்களுக்குத் திமிராகத் தெரிந்த எழுத்து, 13ஆம் அத்தியாயத்தில் அதே ஊருக்கு வல்லமையாகத் தெரிகிறது, இடையில் ஊரின் சட்டம் மாறவில்லை, ஹெஸ்டரின் வாழ்க்கைதான் எழுத்தை மாற்றியது’ என்று தொடங்குங்கள். உங்கள் நோட்டின் மூன்று பத்திகளே இந்த வாக்கியத்தைக் கொடுத்துவிடும். குறியீட்டுக்கு ஒரு கட்டுரை, தனித்தன்மைக்கு ஒரு கட்டுரை என்று பிரிக்கத் தேவையும் வராது.

பியூரிட்டன்கள் எல்லோரும் கொடியவர்கள் என்றும் எழுதிவிடாதீர்கள். அந்த இளம் மனைவியும் அந்த ஊர்க்காரிதான். எழுத்துக்குப் புதுப் பொருள் கொடுத்ததும் அந்த ஊர்தான். அதோடு, வரலாற்று நூலாகவும் இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். வின்த்ராப் உண்மையில் இறந்தது 1649 மார்ச்சில். நாவல் அதை மே மாதத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறது.

இப்போது ‘தி கஸ்டம் ஹவுஸ்’ முன்னுரைக்குத் திரும்பலாம். அலுவலக மாடியில் பழைய காகிதக் கட்டுகளுக்கு நடுவே மங்கிப்போன சிவப்புத் துணி எழுத்து கிடைப்பதாகவும், அதைத் தன் மார்பில் வைத்துப் பார்த்தபோது நெருப்பாகச் சுட்டதாகவும் ஹாதோர்ன் கதை கட்டுகிற பகுதி கடைசியில் வரும். அதை முடித்ததும் அவருடைய ‘எண்டிகாட் அண்ட் தி ரெட் கிராஸ்’ என்ற சிறுகதையை எடுங்கள். நாவலுக்குப் பல ஆண்டுகள் முன்பே எழுதியது. அதில் தண்டனை பெற்றவர்கள் கூட்டத்தில் பெயரில்லாத ஓர் இளம்பெண், சிவப்புத் துணியில் தங்க நூலால் அலங்கரித்த ‘ஏ’ எழுத்தை அணிந்து நிற்கிறாள். ‘போற்றத்தக்கவள்’ என்று பொருள்படும் சொல்லின் முதலெழுத்து என்றுகூட அதைப் பார்ப்பவர் நினைத்துவிடலாம் என்கிறார் ஹாதோர்ன். சில வரிகள்தான். அவற்றை நாவலின் இரண்டாம் அத்தியாயத்தோடு பக்கம் பக்கமாக வைத்துப் படித்துப் பாருங்கள்.